கைத்துப்பாக்கி லேசர்: புள்ளி ஓரிடம், தோட்டா ஓரிடம் என்றால்

லேசர் சைட், அதாவது இலக்கில் ஒளிப்புள்ளி காட்டும் கருவி, பொருத்தியவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். எரியவில்லை, எரிந்து அணைகிறது, பகலில் தெரியவில்லை, போன வாரம் சரியாக இருந்த புள்ளி இன்று தள்ளி நிற்கிறது. உடனே சின்ன ஆலன் கீயை (அறுகோணச் சாவி) எடுத்து ஜீரோ திருகை, அதாவது புள்ளியும் தோட்டாவும் ஒரே இடத்தில் படும்படி சரிசெய்யும் திருகை, திருப்பத்தான் கை போகும். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. உள்ளே இருக்கும் லேசர் டயோடு அவ்வளவு சுலபமாகக் கெடுவதில்லை. பேட்டரி தொடும் இடம், கருவி துப்பாக்கியில் உட்காரும் இடம், லேசருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள உயர வித்தியாசம் என்ற மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். இவற்றைப் பார்க்காமல் திருகைத் தொட்டால் இருந்த ஜீரோவும் போய்விடும், கோளாறும் அப்படியே இருக்கும்.

எந்தக் குறையாக இருந்தாலும் முதல் வேலை துப்பாக்கியைக் காலி செய்வது. மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலால் தொட்டும் பாருங்கள். ரிவால்வர் என்றால் உருளையை வெளியே தள்ளி ஒவ்வொரு துளையையும் பாருங்கள். தோட்டாக்கள் வீட்டின் வேறு அறையில் இருக்கட்டும். பேட்டரி, திருகு என்று சின்னச் சின்னப் பொருள்களில் கவனம் போகும்போது, குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மறந்துபோகும். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இன்னொன்று: எரிகிறதா என்று பார்க்க லென்ஸுக்குள் எட்டிப் பார்க்கவே கூடாது. அப்படிப் பார்ப்பவர் குழல் வாய்க்கு நேரே முகத்தை வைக்கிறார். அதோடு, இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 5 மில்லிவாட் வரை ஒளி உமிழும் 3ஆர் என்ற லேசர் பாதுகாப்பு வகுப்பு. கண்ணுக்குள் நேராக விட்டுப் பார்க்கிற வெளிச்சம் அல்ல அது. ஒரு வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டி அதில் பாருங்கள். கண்ணாடி, பளபளப்பான ஓடு இருக்கும் சுவர் வேண்டாம்.

ஸ்விட்சை அழுத்தினாலும் எரியவில்லை

புது பேட்டரிதான் போட்டேன் என்பார்கள். புது பேட்டரியிலும் கோளாறு வரும். சிஆர் 2032 போன்ற நாணய பேட்டரிகளில் சிலவற்றுக்கு, குழந்தைகள் வாயில் போட்டால் துப்பிவிட வேண்டும் என்று கசப்புப் பூச்சு பூசியிருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மெல்லிய தொடுமுனை உள்ள கருவிகளில் அந்தப் பூச்சே மின்சாரத்தைத் தடுத்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பேட்டரியின் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டுப் போடுங்கள். விரலின் எண்ணெய்ப் பசையும் அதோடு போய்விடும்.

அடுத்தது துருவம். கருவிக்குக் கருவி மேல் கீழ் மாறும், அதனால் மூடிக்குள் இருக்கும் குறியைப் பார்த்துப் போடுங்கள். இரண்டு பேட்டரி அடுக்கும் வகையில் பழையது ஒன்று, புதியது ஒன்று என்று கலக்கவே கூடாது. தொடுமுனையில் கறுப்பாக வளையம் படிந்திருந்தால் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்தால் போதும். உப்புத்தாள் மேல்பூச்சைச் சுரண்டிவிடும், அப்புறம் துரு சீக்கிரம் பிடிக்கும்.

கைப்பிடியில் பொருத்தும் லேசர் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அதன் ஸ்விட்ச் நடுவிரல் படும் இடத்தில் ஒரு ரப்பர் மேடாக இருக்கும். கை சின்னதாக இருந்தாலோ, பிடி தளர்ந்தாலோ அது முழுதாக அமுங்காது. சிலவற்றில் தனியாக முதன்மை ஸ்விட்சும் உண்டு, அது அணைந்திருக்கும்போது நடுவிரலால் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. எரிந்தும் சுவரில் புள்ளி இல்லை என்றால், ஃபிரேம் ஓரமாக நீட்டி வைத்த ஆள்காட்டி விரல் ஒளியை மறைக்கிறதா பாருங்கள். பக்கவாட்டு லேசரில் இது அடிக்கடி நடக்கும். அது கோளாறு இல்லை. விசையிலிருந்து விரலை எடுத்து வைக்கும் நல்ல பழக்கத்தின் பக்க விளைவுதான். அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டாம்.

கைடு ராடு லேசர், அதாவது ஸ்லைடின் ஸ்பிரிங்குக்குள் ஓடும் தண்டையே லேசராக மாற்றியது, எரியவில்லை என்றால் ஸ்விட்ச் சரியான நிலைக்கு முழுதாக வந்திருக்கிறதா பாருங்கள். பிரித்து மாட்டும்போது பாதியில் நின்றிருக்கும்.

எரிகிறது, சுட்டதும் அணைகிறது

இது அநேகமாகப் பேட்டரி ஸ்பிரிங்தான். பின்னுதைப்பு வரும் கணத்தில் பேட்டரி தொடுமுனையை விட்டு ஒரு நொடியில் சிறு பங்கு நேரம் விலகினாலும், மின்னணு ஸ்விட்ச் உள்ள கருவி அணைந்துவிடும். சாதாரண ஸ்விட்ச் உள்ளது மினுக்கிவிட்டுத் திரும்ப எரியும். துப்பாக்கி காலியாக இருக்கும்போது, லேசரை எரியவிட்டு, கருவியின் உடலைப் பிளாஸ்டிக் பிடி உள்ள ஸ்க்ரூடிரைவரின் பின்புறத்தால் லேசாகத் தட்டிப் பாருங்கள். புள்ளி மினுக்கினால் காரணம் கிடைத்துவிட்டது. மூடியின் இழை முழுதாக ஏறியிருக்கிறதா, உள்ளிருக்கும் ரப்பர் வளையம் மடிந்து மூடியைத் தூக்குகிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்பிரிங்கை அரை மில்லிமீட்டர் அளவு வெளியே இழுத்துவிடுங்கள்.

ஒரு தோட்டாகூடச் சுடாமலே சில நிமிடங்களில் அணைந்தால், பேட்டரியைச் சேமிக்க வைத்த தானியங்கி ஏற்பாடாக இருக்கலாம். கையேட்டைப் பாருங்கள்.

பகலில் புள்ளி தெரியவில்லை

இது வாங்கும்போதே தீர்மானமாகிவிடும் விஷயம். சிவப்பு லேசர் 635 முதல் 650 நானோமீட்டர், பச்சை 520 அல்லது 532. பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் அதிகமாக உணர்வது 555 நானோமீட்டரைச் சுற்றி. அதனால் ஒரே சக்தியில் பச்சை பல மடங்கு பளிச்சென்று தெரியும். சிவப்பிலேயே 650ஐ விட 635 கண்ணுக்கு நன்றாகத் தெரியும், இதைப் பெட்டியில் படித்துவிட்டு வாங்கலாம். ஆனால் நேர் வெயில் விழும் இலக்கில் பச்சையும் சில மீட்டர்களுக்கு அப்பால் கரைந்துபோகும். அங்கே லேசரை எதிர்பார்க்கவே கூடாது, துப்பாக்கியின் மேலேயே இருக்கும் முன்குறியும் பின்குறியும்தான். லேசர் வந்துவிட்டது என்று அந்தப் பயிற்சியை விட்டுவிடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பச்சையிலும் இரண்டு வகை. 532 நானோமீட்டர் நேராகப் பிறப்பதில்லை. உள்ளே 808 நானோமீட்டர் டயோடு ஒரு படிகத்தைத் தூண்டும், அதிலிருந்து வரும் 1064 இன்னொரு படிகத்தில் பாதியாகி 532 ஆகும். இந்த ஏற்பாடு பேட்டரியை நிறையக் குடிக்கும், குளிரில் மங்கும் அல்லது எரியவே எரியாது. 520 என்று போட்டிருப்பது நேரடியாகப் பச்சை உமிழும் டயோடு. வெப்பநிலை மாறினாலும் அவ்வளவு தடுமாறாது. குளிர்ந்த காலையில் மங்கி, கைச்சூடு ஏறியபின் பிரகாசமாகும் பச்சை லேசர் உங்களிடம் இருந்தால் அது 532ஆக இருக்க வாய்ப்பு அதிகம். பழுது பார்க்க அதில் ஒன்றும் இல்லை. புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் 520ஐயே எடுங்கள்.

எப்போதும் பளிச்சென்று இருந்தது மெல்ல மெல்ல மங்குகிறது என்றால் பேட்டரி. சட்டென்று மங்கினால் லென்ஸ்.

புள்ளி சிதறி, வால் முளைத்துத் தெரிகிறது

லென்ஸில் புகைக்கரியும் எண்ணெயும். குழல் வாய்க்குக் கீழே மாட்டிய கருவியில் ஒவ்வொரு சுடுதலிலும் கொஞ்சம் படியும். குழலில் வாயுத் துளைகள் உள்ள பிஸ்டலிலும், ரிவால்வரிலும் இன்னும் வேகமாகப் படியும். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டதும் புள்ளி சிதறினால் காரணம் எண்ணெய்தான். பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் தொட்டு, ஒரே பக்கமாக ஒரு முறை இழுத்து, குச்சியை மாற்றுங்கள். துப்பாக்கிக் குழல் கழுவும் கரைப்பானை லென்ஸில் விட வேண்டாம், சில பிளாஸ்டிக் லென்ஸ்கள் வெளிறிப்போகும். துடைத்த பின்னும் புள்ளி வட்டமாக இல்லாமல் கொஞ்சம் நீள்வட்டமாக, கோடுபோல இருந்தால் கவலை வேண்டாம். டயோடிலிருந்து வரும் ஒளி ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் விரிவது அதன் இயல்பு.

ரெயிலில் ஆடுகிறது, அல்லது ஏறவே மாட்டேன் என்கிறது

ரெயில் என்பது கருவியை மாட்டுவதற்காகத் துப்பாக்கியில் இருக்கும் பள்ளமிட்ட தண்டவாளம். ஆனால் ரெயில் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே ரெயில் இல்லை. பிகாடினி ரெயிலின் குறுக்குப் பள்ளம் 5.23 மில்லிமீட்டர் அகலம், பள்ளத்துக்குப் பள்ளம் 10 மில்லிமீட்டர். பழைய வீவர் ரெயிலின் பள்ளம் 4.57 மில்லிமீட்டர்தான். கருவியிலிருந்து இந்தப் பள்ளத்தில் உட்காரும் குறுக்குச் சட்டம், பிகாடினிக்கு என்று செய்ததானால் வீவரில் இறங்காது, வீவருக்கானது பிகாடினியில் இறங்கும், ஆனால் முன்னும் பின்னும் நகரும். கைத்துப்பாக்கிகள் பலவற்றில் ஒற்றைப் பள்ளம் மட்டுமே இருக்கும், க்ளாக் போன்றவற்றின் ரெயில் தன் சொந்த அளவில் வரும். அதனால்தான் லேசரோடு இரண்டு மூன்று மாற்றுச் சட்டங்களைப் பெட்டியில் வைத்துத் தருகிறார்கள். ஏற்கெனவே மாட்டியிருந்ததை அப்படியே ஏற்றாமல், உங்கள் துப்பாக்கிக்கு எது என்று பார்த்து மாற்றுங்கள்.

ரெயிலே இல்லாத சின்ன பிஸ்டல், ரிவால்வர்களுக்கு விசைக் காப்பில், அதாவது விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தில், கவ்வும் வகை அல்லது கைப்பிடி வகை. கழற்றி மாட்டும் எண்ணம் இல்லாதவருக்குக் கைப்பிடி வகைதான் நல்லது என்பேன். துப்பாக்கியைப் பிடித்ததும் எரியும், உறையும் பெரும்பாலும் பழையதே போதும்.

சுடச்சுடப் புள்ளி இடம் மாறுகிறது

இங்கே கொஞ்சம் கணக்கு. கருவியின் நீளம் 5 சென்டிமீட்டர் என்று வையுங்கள். அதன் ஒரு முனை 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு சாதாரணத் தாளின் கனம், தூக்கினால் 10 மீட்டர் தூரத்தில் புள்ளி 2 சென்டிமீட்டர் விலகும். கண்ணுக்கே தெரியாத ஆட்டம் இலக்கில் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

மாட்டும்போது செய்ய வேண்டியது: ரெயிலையும் கருவியின் அடிப்பக்கத்தையும் எண்ணெய் இல்லாமல் துடைக்கவும். கருவியை ஏற்றி, குறுக்குச் சட்டம் பள்ளத்தின் முன் சுவரில் முட்டும் வரை குழல் வாய்ப் பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டே திருகை இறுக்கவும். சுடும்போது துப்பாக்கி பின்னால் பாயும், கருவி இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அதனால் ரெயிலில் முன்னால் நழுவும். முதலிலேயே முன் சுவரில் முட்டியிருந்தால் நழுவ இடம் இல்லை.

இறுக்கியதும் வெள்ளை பெயின்ட் பேனாவால் திருகுத் தலையிலிருந்து கருவியின் உடல் வரை ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். ஒரு மேகசின் சுட்டபின் பாருங்கள். கோடு உடைந்து இரண்டு துண்டு எதிரெதிராக நிற்காமல் விலகியிருந்தால் திருகு கழன்று வருகிறது. கோடு நேராக இருந்தும் புள்ளி நகர்ந்திருந்தால், கருவிக்குள் இருக்கும் ஜீரோ திருகு தளர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இந்தக் கோடு இல்லாமல் யாரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

கழன்று வரும் மாட்டும் திருகுக்கு லாக்டைட் 243 போன்ற நீல நிறப் பூட்டுத் திரவம், ஊசிமுனை அளவு, உலோகம் உலோகத்தில் ஏறும் இழையில் மட்டும். பிளாஸ்டிக் உடலில் பட்டால் சில பிளாஸ்டிக்குகள் நாளாவட்டத்தில் வெடிப்பு விடும். சிவப்பு வகையை எடுக்காதீர்கள், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டும், அந்தச் சூடு லேசருக்கு ஆகாது. ஜீரோ திருகுக்கு எந்தத் திரவமும் வேண்டாம். அதற்குத் தனியாகப் பூட்டுத் திருகு இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள், பலர் அதைத் தொடுவதே இல்லை.

ஒரு தூரத்தில் சரி, இன்னொரு தூரத்தில் தவறு

இதில் கோளாறே இல்லை, ஆனால் அதிகமாகத் திருகு திருப்பப்படுவது இதற்காகத்தான். லேசர் குழலுக்குக் கீழே 2.5 சென்டிமீட்டரில் இருக்கிறது, 10 மீட்டரில் ஜீரோ செய்திருக்கிறீர்கள் என்று வைப்போம். லேசர் கோடு சற்றே மேல்நோக்கிச் சாய்ந்து, 10 மீட்டரில் தோட்டாவின் பாதையைச் சந்திக்கிறது. 5 மீட்டரில் அது இன்னும் பாதி வழிதான் ஏறியிருக்கும், அதனால் தோட்டா புள்ளிக்கு 1.25 சென்டிமீட்டர் மேலே படும். 20 மீட்டரில் லேசர் கோடு தோட்டாவைத் தாண்டி மேலே போய்விட்டது, தோட்டா 2.5 சென்டிமீட்டர் கீழே படும். தோட்டா தானாக இறங்குவதையும் சேர்த்தால் 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பக்கவாட்டுக் கைப்பிடி லேசர் வலப்பக்கம் இருந்தால் இதே கதை இட வலமாகவும் நடக்கும்: கிட்டத்தில் தோட்டா புள்ளிக்கு இடப்புறம், ஜீரோ தூரத்துக்கு அப்பால் வலப்புறம்.

ஆக, 5 மீட்டரில் மேலே படுகிறது என்று திருகைத் திருப்பினால் 20 மீட்டரில் கெட்டுவிடும். நீங்கள் அதிகமாகச் சுடும் தூரம் எதுவோ அதற்கு ஜீரோ செய்துவிட்டு, மற்ற தூரங்களில் எவ்வளவு விலகும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிலர் லேசரைக் குழலுக்கு இணையாக வைப்பார்கள். அப்போது கிட்டத்திலும் தூரத்திலும் விலகல் ஏறக்குறைய அதே 2.5 சென்டிமீட்டர்தான். நினைவில் வைக்கச் சுலபம். பக்கவாட்டு லேசருக்கு நான் இதையே சொல்வேன்.

ஜீரோ செய்யும் முறை: வீட்டில், காலித் துப்பாக்கியில், முன்குறி பின்குறியால் 10 மீட்டர் தூரத்தில் ஒரு குறியைப் பிடித்து, லேசர் புள்ளி முன்குறியின் நுனியில் உட்காரும் வரை திருகுங்கள். இது தோராயம். சுடும் தளத்தில் துப்பாக்கியை மணல் மூட்டையில் தாங்கி, லேசரை அணைத்துவிட்டு, முன்குறி பின்குறியால் ஐந்து தோட்டா சுடுங்கள். துப்பாக்கியைக் காலி செய்யுங்கள். மறுபடி அதே குறியைப் பிடித்து, லேசர் புள்ளியை அந்த ஐந்து துளைகளின் நடுவுக்கு நகர்த்துங்கள். புள்ளி தோட்டாவைத் தேடிப் போக வேண்டும். ஒவ்வொரு முறை ஆலன் கீ எடுக்கும் முன்னும் காலி செய்வது கட்டாயம், ஏனென்றால் அப்போது உங்கள் கை குழல் வாய்க்கு அருகில் இருக்கும். அறைக்குள் போடும் தோட்டா வடிவ லேசரை வைத்தும் தோராய ஜீரோ செய்யலாம். சுடும் முன் அதை வெளியே எடுத்துவிட்டதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

திருகைத் திருப்பினாலும் புள்ளி நகரவில்லை

திருகு ஒரு பக்கம் தள்ளும், எதிர்ப்பக்கம் ஸ்பிரிங் தள்ளும். உள்ளே திருகும்போது புள்ளி உடனே நகரும். வெளியே திருகும்போது ஸ்பிரிங் தள்ளி வர வேண்டும், தூசி இருந்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும், இரண்டாவது தோட்டாவின் அதிர்ச்சியில் சட்டென்று தாவும். அதனால் தேவைக்குச் சற்று அதிகமாக வெளியே எடுத்து, அப்புறம் உள்ளே திருகி இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முடித்ததும் லேசாகத் தட்டி, புள்ளி அங்கேயே நிற்கிறதா பாருங்கள்.

திருகு முட்டி நின்றுவிட்டால் பலம் போடாதீர்கள். எல்லை வரை போயும் புள்ளி போதவில்லை என்றால் கருவி ரெயிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, திரும்பக் கழற்றி மாட்டுங்கள். இந்தச் சின்னத் திருகுகளில் பல அங்குல அளவில் வரும். ஏறக்குறையப் பொருந்தும் மில்லிமீட்டர் கீயைப் போட்டால் உள்ளிருக்கும் அறுகோணம் வழுக்கிப்போய்விடும். பெட்டியில் வந்த கீயைத் தொலைக்காமல் வையுங்கள்.

புள்ளி நடுங்குகிறது

கை நடுங்குகிறது, அவ்வளவுதான். லேசர் இல்லாதபோதும் இதே அளவு நடுங்கியது, தெரியவில்லை. புள்ளி நிற்கும்வரை காத்திருந்து, நின்றதும் விசையை வெடுக்கென்று இழுப்பதுதான் இதில் வரும் கெட்ட பழக்கம். லேசரின் மிகப் பெரிய பயன் இதைத் திருத்துவதில்தான் என்று நினைக்கிறேன். காலித் துப்பாக்கியில், பாதுகாப்பான சுவரைப் பார்த்து, விசையை மெதுவாக அழுத்துங்கள். விசை விடுபடும் கணத்தில் புள்ளி எங்கே துள்ளுகிறது? வலக்கைக்காரருக்கு இடது கீழாகத் துள்ளினால், விசையோடு சேர்த்து மொத்தக் கையையும் இறுக்குகிறார் என்று பொருள். தோட்டாக்களும் அங்கேதான் படும். இதைத் திருகால் சரிசெய்யக் கூடாது. சிறுகுழல் .22 வகைகளில் அறை காலியாக இருக்கும்போது விசையை அழுத்தினால் ஊசி பழுதாகலாம், டம்மி தோட்டா போட்டுச் செய்யுங்கள்.

லேசர் மாட்டியபின் ஸ்லைடு தயங்குகிறது

உடனே நிறுத்த வேண்டிய குறை இது. பாலிமர் ஃபிரேமில் திருகை அளவுக்கு மீறி இறுக்கினால் ஃபிரேமின் முன்பகுதி நெருக்கப்பட்டு ஸ்லைடு உரசும், தோட்டா ஏறாமல் சிக்கும். லேசரைக் கழற்றிவிட்டு ஸ்லைடை இழுத்துப் பாருங்கள், அப்புறம் மாட்டிவிட்டு இழுத்துப் பாருங்கள். கையில் வித்தியாசம் தெரிந்தால் திருகைத் தளர்த்துங்கள். கைடு ராடு லேசரில் ஸ்பிரிங் உங்கள் மாடலுக்கானதுதானா என்றும் பாருங்கள்.

உறையில் உட்காரவில்லை, இரவோடு பேட்டரி தீர்கிறது

இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம். லேசரோடு துப்பாக்கி பருத்துவிட்டது, பழைய உறையில் திணித்தால் ஓரம் ஸ்விட்சை அழுத்திக்கொண்டே இருக்கும். காலித் துப்பாக்கியை லேசர் அணைந்த நிலையில் உறையில் போட்டு, இருட்டில் வைத்துப் பாருங்கள், விளிம்பில் ஒளி கசிந்தால் அதுதான். கத்தியால் உறையை வெட்டி அகலப்படுத்துகிறவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். விசைக் காப்பு முழுதாக மூடியிருக்க வேண்டும், தலைகீழாகப் பிடித்தாலும் துப்பாக்கி விழக்கூடாது, பக்கத்திலிருந்து விரல் விட்டால் விசை தொடுபடக்கூடாது. இந்த மூன்றும் உங்கள் துப்பாக்கி, உங்கள் லேசர் என்ற இரண்டின் அளவுக்கும் வார்த்த உறையில்தான் கிடைக்கும். அது வரும்வரை லேசரைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள்.